நாலு அட்சரம்

விசாலாக்ஷி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் மைசூர்க்காரர்களின் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவள், சொந்த அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் நாற்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? கொலை, களவு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மத்தியானம் தூங்கிப்போனாள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூக்கத்தின் மேல் அவள் அண்ணன் விஸ்வேஸ்வரன் ஒரு கோபுரமே கட்டிவிட்டார்.

அவர்களுடைய அப்பா கல்யாணராமய்யர், மைசூர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் வராத நேரமெல்லாம் பாட்டு எழுதினார். நாற்பத்திரண்டு கீர்த்தனைகள், எல்லாம் தமிழில், பழைய ரயில்வே ஃபாரங்களின் பின்பக்கத்தில். கன்னடச் சீமையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதினால் யார் பாடுவார்கள் என்று மனிதர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அவர் குரலில் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் அவருடைய சிநேகிதர் ஒரு எஞ்சினீயர், பெட்டி போன்ற டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்தில் வைத்துப் பதிந்து கொடுத்தது. வாசஸ்பதி ராகம், ஆதி தாளம். 'நில்லாமல் ஓடும் நெஞ்சே, ஒரு கணம் நில்லாயோ என் முன்னே' என்று ஆரம்பம். அதற்கு மூன்று மாதத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

அந்த டேப்பில் ஓர் அதிசயம் உண்டு. பல்லவியை மூன்றாம் தடவை பாடி, 'நில்லாயோ என் முன்னே' என்று முடித்ததும் பாட்டு அப்படியே நின்றுவிடும். தம்புராவும் நிற்கும். தாளத்தில் நாலு அட்சரம், அதாவது நாலு எண்ணிக்கை, ஒரு சத்தமும் இராது. பிறகு தம்புரா எழும். அதன் பின்னால் குரல் வரும்.

பதிவு நடந்தபோது விஸ்வேஸ்வரன் பெங்களூரில் காலேஜில் இருந்தார். டேப்பை முதன்முதலில் கேட்டது அப்பாவின் பதிமூன்றாம் நாள். சாவுக்கு அழாதவர், கொள்ளி வைக்கும்போது அழாதவர், அந்த நாலு அட்சரத்தில் உடைந்து அழுதார். "நெஞ்சே நில்லுன்னு சொல்லிட்டு நின்னே காட்டிட்டார் பாருடீ" என்றார் தங்கையைக் கட்டிக்கொண்டு. பன்னிரண்டு வயதுப் பெண் என்ன சொல்லும்? 'அண்ணா, அது அப்பா நிறுத்தலை, நான் தம்புராவைப் போட்டுண்டே தூங்கிட்டேன்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணன் அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். பிறகு காரியமெல்லாம் முடியட்டும் என்று இருந்தாள். அப்புறம் சொல்லக்கூடிய வேளை தாண்டியே போய்விட்டது.

வருஷா வருஷம் அப்பாவின் நினைவு நாளில், அக்ரஹாரத்துப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் கூடி அந்தப் பாட்டைப் பாடுவார்கள். அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் வாயை மூடி, தாளம் போடும் கையை மட்டும் சத்தமில்லாமல் அசைப்பார்கள். ரிட்டையர்டு ஸ்கூல் மாஸ்டர் சுப்பையா, ஊருக்கெல்லாம் 'சுப்பையா மேஷ்ட்ரு', முன்வரிசையில் உட்கார்ந்து விரலை விட்டு எண்ணி, நாலும் சரியாக இருந்ததா என்று பார்த்துத் தலையை ஆட்டுவார். அதுவே அவருக்குக் கச்சேரி. டேப்பில் தம்புரா நிற்கிறது என்பதால் விசாலாக்ஷியும் தம்புராவை நிறுத்த வேண்டும். இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். தன் தூக்கத்தைத் தானே வருஷத்துக்கு ஒரு தரம் நடித்துக் காட்டினாள். பக்கத்தில் அண்ணன் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் அப்பாவின் நூற்றாண்டு. மலர் அச்சாகி வந்துவிட்டது. அதில் விஸ்வேஸ்வரனின் பதினோரு பக்கக் கட்டுரை, 'மௌனமும் பல்லவியே'.

வம்பு அனகா ரூபத்தில் வந்தது. விஸ்வேஸ்வரனின் ஒரே பெண். அம்மா இல்லாத குழந்தையை எட்டு வயதிலிருந்து விசாலாக்ஷிதான் வளர்த்தாள். பெங்களூரில் பியானோ படித்து, ஜாஸ் என்று ஆரம்பித்து, ஹோட்டலிலும் ஹாலிலும் வாசிக்கிறாள். அப்பா இதுவரை ஒரு தடவையும் போய்க் கேட்டதில்லை. பெண் நல்லவள், வழி மட்டும் தவறிவிட்டது என்பது அவருடைய கட்சி. அவளே ஒரு நாள் போன் பண்ணி, "அப்பா, தாத்தா பாட்டை நூற்றாண்டுல நான் வாசிக்கறேன், எங்க பாணில" என்றபோது மனிதர் இரண்டு நாள் யோசித்தார். டிரம்ஸ் கூடாது, பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். விசாலாக்ஷி சந்தோஷத்தில் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அப்பனும் பெண்ணும் ஒரே மண்டபத்தில் உட்காருவதைப் பார்க்க அவள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அனகா கீபோர்டோடு வந்து இறங்கினாள். கூடவே சுரேந்தர், ஆளுயரத்துக்கு ஒரு பேஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரன். அவன் அப்பா வேலாயுதம், டயர் ஃபேக்டரியில் வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர். சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ராவில் கிதார் வாசித்து, அங்கிருந்து இந்தப் பூதத்துக்கு மாறியவன்.

அவர்கள் வந்த மறுநாள் காலை விஸ்வேஸ்வரன் மலர் கொடுக்க வீடு வீடாகப் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கூடத்தில் டேப்பைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்து தடவை. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் கேட்டார்கள். விசாலாக்ஷி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் அந்த டேப்பை இப்படிக் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஊதுவத்தி ஏற்றி, கைகூப்பிக்கொண்டு கேட்பதுதான் வழக்கம்.

"இந்த ராகத்தோட ஸ்வரங்களைத்தான் அத்தை எங்க ஆளுங்களும் பிடிச்சுண்டு தொங்கறா. தாத்தா ஜாஸ்காரர்தான், அவருக்கே தெரியலை" என்று அனகா சிரித்தாள்.

சுரேந்தர் சிரிக்கவில்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வாத்தியம் அடிக்குரல் வாத்தியம். அதனால் பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் தம்புராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான். "பாடறவரு நிறுத்தறதுக்கு முந்தியே தம்புரா நின்னு போகுதுங்க. 'நில்லாயோ'லயே நின்னுடுது. அவரு தனியாத்தான் 'என் முன்னே' பாடறாரு. அப்புறம் நிறுத்தறாரு. தம்புரா மறுக்கா வந்த பின்னாலதான் அவரும் வர்றாரு. அவரு யாருக்கோ காத்துட்டு இருக்காருங்க."

விசாலாக்ஷி நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் எத்தனை பண்டிதர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்காவது இது காதில் விழுந்ததா?

"தம்புரா நீங்கதானே அத்தை?" என்றாள் அனகா.

"நான்தான்."

"ஏன் நிறுத்தினேள்?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "நான் எங்கே நிறுத்தினேன்? அந்தக் காலத்து மிஷின், நின்னு நின்னு ஓடும். டேப்புல ஏதோ கோளாறு" என்று சொல்லி, அவரைக்காய் முறத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான், அளவு தெரியாமல் சொல்லிவிடுகிறார்கள்.

அனகா அத்தை வார்த்தையை வேதமாக எடுத்துக்கொண்டாள். டேப் கோளாறு என்றால் அந்த நாலு அட்சரத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் காபி குடித்துவிட்டு விஸ்வேஸ்வரன் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாசிங்கோ, பாக்கலாம்." பெண் வாசிப்பதை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. பேஸ் மெதுவாக நடந்து வந்தது. கீபோர்டு அதன் மேல் பல்லவியை எடுத்தது, அவசரமில்லாமல். விசாலாக்ஷி அண்ணன் முகத்தையே பார்த்தாள். புருவம் முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது, பிறகு அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் தடவை பல்லவி வந்தது. 'நில்லாயோ என் முன்னே.' அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேஸ் நிற்கவில்லை. நாலு அட்சரத்தையும் நிரப்பிக்கொண்டு அது பாட்டுக்குப் போயிற்று.

விஸ்வேஸ்வரன் கண்ணைத் திறந்தார். எழுந்தார். "எங்கே அந்த இடம்?"

"அது டேப் கோளாறுப்பா. அத்தைதான் சொன்னா."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணனுக்கு அது வேறு மாதிரி அர்த்தமாயிற்று. பெண் தன் வசதிக்குப் பொய் சொல்லி, பாவம் அத்தையையும் இழுக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"உனக்கு அவசரம்னா அவசரம்னு சொல்லு. அவளை எதுக்கு இழுக்கறே? நாலு அட்சரம் வாயை மூடிண்டு இருக்கத் தெரியாதவாளுக்கு எங்கப்பா பாட்டு எதுக்கு? நூற்றாண்டுல நீ வாசிக்க வேண்டாம். பிடு, ஆயித்து." கடைசியில் சொன்னது, விடு, முடிந்தது என்பதற்குக் கன்னடம். கோபம் வந்தால் அவருக்குத் தமிழும் கன்னடமும் சேர்ந்தே வரும்.

அனகா கீபோர்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். "இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான், அத்தை, அப்பா நான் வாசிச்சுக் கேட்டார். அதுவும் பாதி" என்றாள். பிறகு சுரேந்தரிடம் கன்னடத்தில், கார்த்தாலை ரயிலுக்கே போய்விடலாம் என்றாள்.

விசாலாக்ஷி சமையலறைக்குள் போய் நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. சொன்னால் அண்ணன் நாற்பத்தைந்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடந்தது தரையில் விழும். மலர் வேறு வீடு வீடாகப் போயாயிற்று. சொல்லாவிட்டால் இந்தப் பெண் இனி இந்த வாசற்படி மிதிக்க மாட்டாள். அம்மா இல்லாத குழந்தைக்கு அப்பாவும் இல்லாமல் பண்ணிய பெருமை அத்தைக்குப் போகும். அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, அனு பொய் சொல்லலை. நான்தான் அவகிட்ட பொய் சொன்னேன். உன்கிட்டயும்."

"என்ன உளர்றே?"

"டேப் கோளாறும் இல்லை, மௌனமும் இல்லை. நான் தூங்கிட்டேன்."

ஒரு தடவை வாயைத் திறந்தபின் எல்லாம் வந்துவிட்டது. டேப் ரிக்கார்டர் வரப்போகிறது என்ற குஷியில் முதல் நாள் ராத்திரி பூரா முழித்திருந்தது. மத்தியானம் புளியோதரையும் தயிர்சாதமுமாக வயிறு முட்டச் சாப்பிட்டது. மூன்று மணி பாசஞ்சர் போகட்டும் என்று எல்லாரும் காத்திருந்தது. பாட்டு ஆரம்பித்து, தம்புரா காதோடு ரீங்காரம் போட, கண் சொக்கிப் போனது. "கண்ணைத் தொறந்தா அப்பா பாடலை. என்னையே பாத்துண்டிருக்கார். ஒரு கை தாளம் போட்டுண்டே இருக்கு. இன்னொரு கையால என் முழங்கால்ல மெதுவா ரெண்டு தட்டு தட்டினார். நான் மீட்டினேன். அவர் பாடினார்."

விஸ்வேஸ்வரன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எஞ்சினீயர் மாமா, 'இன்னொரு தரம் எடுத்துடலாமா'ன்னார். அப்பா, 'வேண்டாம். குழந்தை தூங்கித்து, எழுந்துடுத்து, அவ்வளவுதானே. இருக்கட்டும்'னார்."

"நாப்பத்தஞ்சு வருஷம்" என்றார் அண்ணன். "பதினோரு பக்கம் எழுதியிருக்கேன் விசாலம். ஊர் முழுக்கக் கொடுத்திருக்கேன். ஒரு நாளாவது உனக்குத் தோணலையா?"

"தினமும் தோணித்து. நீ அன்னிக்கு அழுதியே, அதைப் பறிக்க மனசு வரலை. அப்புறம் பயம் வந்துடுத்து."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் விடிகாலை, அனகா பெட்டியோடு வாசலில் நின்றபோது கதவு திறந்தது. "நீ போக வேண்டாம். வாசி" என்றார் பெண்ணிடம். "எப்படி வாசிக்கணுமோ அப்படி வாசி." தங்கை நீட்டிய காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு மூன்று நாள் அவளோடு ஒரு வார்த்தை இல்லை. உப்பு வேண்டும் என்றால்கூட அனகா மூலமாகத்தான் கேட்டார். விசாலாக்ஷிக்கு அது வலித்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்த கல் இறங்கியதில் மூன்று நாளும் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விழாவுக்கு முதல் நாள் அனகா அவளிடம் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நாளைக்கு எங்களோட நீங்க தம்புரா போடணும்."

"ஜாஸுக்குத் தம்புராவா?"

"தாத்தா பாட்டுக்குத் தம்புரா. அந்த இடத்துல முதல்ல நீங்க நிறுத்துங்கோ. அப்புறம் நாங்க நிறுத்தறோம். நாலு, அஞ்சுன்னு எண்ண மாட்டோம். நீங்க திரும்ப மீட்டினா நாங்க வருவோம்."

"நான் மீட்டலைன்னா?"

"காத்துண்டிருப்போம்ங்க" என்றான் சுரேந்தர். அவன் தமிழில் அக்ரஹாரத்து வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது.

மண்டபம் நிறைந்துவிட்டது. சீனியர்கள் எல்லாம் பாடி முடித்த பிறகு விஸ்வேஸ்வரன் எழுந்து நின்றார். அந்தப் பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் மௌனத்தைப் பற்றி அவர் பேசுவது வழக்கம். சுப்பையா மேஷ்ட்ரு மலரைப் பிரித்து, பதினோரு பக்கத்தையும் மடியில் வைத்துத் தயாராக இருந்தார். விஸ்வேஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்தப் பாட்டைப் பத்தி நிறையவே எழுதிட்டேன். இன்னிக்குப் பேசலை. என் பொண்ணு வாசிப்பா" என்று சொல்லிவிட்டு வந்து, வழக்கமான இடத்தில், தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கை பக்கம் திரும்பவில்லை.

பேஸ் நடந்தது. அதன் காலடியில் தம்புரா. அனகா பல்லவியை ஒரு தடவை நேராக வாசித்தாள். இரண்டாம் தடவை அதை ஓட விட்டாள், அது எங்கெங்கோ போய், வழி தவறிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில் 'நெஞ்சே' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. இது அப்பாவேதான் என்று விசாலாக்ஷிக்குப் பட்டது. பிளாட்பாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடப்பாரே, அந்த நடை. மூன்றாம் தடவை. 'நில்லாயோ.' அவள் விரலை எடுத்தாள். அடுத்து பேஸ் அடங்கியது. 'என் முன்னே' என்று தனியாகச் சொல்லிவிட்டுக் கீபோர்டும் நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மேஷ்ட்ருவின் விரல் நாலைத் தொட்டு நிமிர்ந்தது. சத்தம் வரவில்லை. ஐந்து. ஆறு. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசாலாக்ஷிக்குக் கை எழவில்லை. மறக்கவில்லை, தூங்கவும் இல்லை. மீட்டினால் அப்பா பார்த்துக்கொண்டிருப்பது முடிந்துவிடும் என்றிருந்தது. வருஷா வருஷம் நாலே அட்சரத்தில் அவசரமாகக் கடந்து போன இடம். இன்றைக்குத்தான் அதில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அனகாவும் சுரேந்தரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி காத்திருந்தார்கள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. கையோ தம்புராவின் மேல் அப்படியே கிடந்தது.

அப்போது முழங்காலில் ஒரு தட்டு. மெதுவாக இன்னொன்று.

திரும்பிப் பார்த்தாள். விஸ்வேஸ்வரன் ஒரு கையால் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே, மூன்று நாளாகப் பார்க்காத முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மீட்டினாள். பேஸ் வந்தது, அனகா வந்தாள், பாட்டு போயிற்று.

முடிந்ததும் கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்த சுப்பையா மேஷ்ட்ரு, மலரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வந்தார். முகத்தில் பெரிய கவலை. "ஏன் சுவாமி, நான் எண்ணினேன். பதினாறு ஆயிடுத்து. புஸ்தகத்துல நாலுன்னு போட்டிருக்கேளே. என்ன ஆச்சு?"

அக்கம்பக்கத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். விசாலாக்ஷி தம்புராவை உறையில் போடுவதை நிறுத்தினாள்.

"ஒண்ணும் ஆகலை மேஷ்ட்ரே" என்றார் விஸ்வேஸ்வரன். "குழந்தை தூங்கித்து, எழுந்துடுத்து. அவ்வளவுதான்."